பேரீச்சை: கொட்டை போடலாமா, கன்று வைக்கலாமா?

ஆனி பிறந்து ஆடி முடியும் வரை திருச்சி பாலக்கரையிலும் காந்தி சந்தைப் பக்கமும் உள்ள பழக்கடைகளில் புதிய சரக்கு ஒன்று கண்ணில் படும். பொன் மஞ்சள் நிறத்தில், சரம் சரமாகக் குலையிலேயே தொங்கும் பச்சைப் பேரீச்சைதான் அது. டப்பாவில் அடைத்து வரும் கறுத்த பேரீச்சம்பழத்தை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். கடித்தால் இளநீர் வழுக்கைக்கும் கரும்புக்கும் இடைப்பட்ட ஒரு நறுக்கான இனிப்பு.

வாழைத்தாரைச் சந்தையில் இறக்கிவிட்டு ஊர் திரும்பும் விவசாயிக்கு இதைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழுவது இயல்பு. "இது நம் கொல்லையில் காய்க்குமா?" சிலர் கால் கிலோ பழம் வாங்கித் தின்றுவிட்டுக் கொட்டையை வரப்போரம் ஊன்றுகிறார்கள். சிலர் கடன் வாங்கி ஒரு ஏக்கர் முழுவதும் கன்று நட முற்படுகிறார்கள். முதலாமவர் பத்து ஆண்டுக் காலத்தை இழக்கக்கூடும்; இரண்டாமவர் பணத்தை இழக்கக்கூடும். இரண்டு இழப்பையும் தவிர்க்க, இந்த மரத்தின் இயல்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஈச்ச மரத்தின் உறவு

பேரீச்சை நமக்கு முற்றிலும் அந்நிய மரம் அன்று. ஏரிக்கரையிலும் ஓடைக்கரையிலும் தானே முளைத்து நிற்கும் ஈச்ச மரமும், கரட்டு நிலத்தில் குத்துக் குத்தாய் வளரும் சிற்றீச்சையும் பேரீச்சையின் நெருங்கிய உறவினங்கள். ஈச்சம்பழம் பொறுக்கித் தின்னாத கிராமத்துப் பிள்ளை இல்லை. ஈச்ச மரத்தை நாம் வேலிக்கும் விளக்குமாற்றுக்கும் விட்டுவிட்டோம். அமெரிக்காவின் புளோரிடாவிலோ இந்திய ஈச்ச மரத்தை நல்ல விலை கொடுத்து வாங்கிச் சாலையோர அழகு மரமாக நடுகிறார்கள். கலிபோர்னியாவில் பழைய பேரீச்சைத் தோப்புகள் வீட்டு மனைகளாக மாறியபோது, நன்கு வளர்ந்த மரங்களை வேரோடு பெயர்த்துச் சாலைகளுக்கும் ஓட்டல் முகப்புகளுக்கும் அழகு மரமாகக் கொண்டு போனார்கள்.

ஆகவே பேரீச்சைக்கு இரண்டு பயன் உண்டு. ஒன்று வாசலுக்கு அழகு. மற்றொன்று வாய்க்குப் பழம். அழகுக்கு எந்த மரமும் போதும். பழம் வேண்டுமானால் மரம் பெண்ணாக இருக்க வேண்டும். நல்ல ரகமாக இருக்க வேண்டும். பூவில் மகரந்தத் தூள் சேர வேண்டும். மழைக்கு முன் காய் முற்ற வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் மரம் அழகு மரமாகவே நின்றுவிடும்.

கொட்டையில் முளைத்த கன்று

பேரீச்சங்கொட்டை எளிதில் முளைக்கும். கொட்டையை இரண்டொரு நாள் தண்ணீரில் ஊற வைத்து மணலில் புதைத்தால் சில வாரங்களில் முளை விடும். இதில் சிரமம் ஏதும் இல்லை. சிரமம் பின்னால் வருகிறது.

பனையைப் போலவே பேரீச்சையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கொட்டையில் முளைக்கும் கன்றுகளில் ஏறத்தாழ பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் இருக்கும். எது ஆண், எது பெண் என்பது மரம் பூத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை, சில சமயம் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். பெண்ணாகவே அமைந்தாலும், தின்ற பழத்தைப் போன்ற பழம் வரும் என்பதற்கு உறுதி இல்லை. மாங்கொட்டையில் முளைத்த செடி தாய் மரத்தைப் போல் காய்ப்பதில்லை என்பது விவசாயிகள் அறிந்ததே. பேரீச்சையும் அப்படித்தான்.

எனவே கொட்டைக் கன்றை வாசல் அழகுக்கும், வரப்போர நிழலுக்கும், மகரந்தம் தரும் ஆண் மரத்துக்கும் வளர்க்கலாம். பழத்தை நம்பி அதற்கு நிலத்தை ஒதுக்கக் கூடாது.

திருச்சி வானிலை ஏற்றதா?

"கால் தண்ணீரில், தலை நெருப்பில்" இருக்க வேண்டிய மரம் பேரீச்சை என்று அரபு நாட்டார் சொல்வது உண்டு. வேருக்கு ஈரமும், மேலே வறண்ட கடும் வெயிலும் வேண்டும் என்பது அதன் பொருள். சித்திரை, வைகாசியில் திருச்சியில் அடிக்கும் வெயில் இந்த மரத்துக்கு உகந்ததே. சிக்கல் மழையில் உள்ளது.

திருச்சி மாவட்டத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. ஆவணி, புரட்டாசியிலும் இடி மழை உண்டு. பேரீச்சங்காய் நான்கு பருவங்களைக் கடந்து பழமாகிறது. முதலில் பச்சைக் காய். அடுத்து மஞ்சளாகவோ சிவப்பாகவோ நிறம் மாறிய செங்காய். அரபு மொழியில் இதற்குக் கலால் என்று பெயர். மூன்றாவது பாதி இளகிய பழம், இது ருதாப். நான்காவது மரத்திலேயே நீர் வற்றிய பழம்; இது தமர். டப்பாவில் வருவது பெரும்பாலும் இந்த நான்காம் பருவத்துப் பழம். கலால் பருவத்திலிருந்து இந்த நிலைக்கு வர மேலும் பல வாரங்கள் ஆகும். அதற்குள் நம் பகுதியில் மழை பிடித்துக்கொள்ளும். இளகிய பழத்தில் மழை பட்டால் தோல் வெடிக்கும், பூசணம் பிடிக்கும், புளித்துப் போகும்.

ஆகையால் திருச்சியில் டப்பாப் பழத்துக்காகப் பேரீச்சை வளர்ப்பது பொருந்தாது. கலால் பருவத்திலேயே, பறித்த கையோடு தின்னக்கூடிய ரகத்தை வளர்ப்பதே பொருந்தும். தை, மாசியில் பூத்து, ஆனி, ஆடியில் செங்காயாகும் மரம் பெருமழைக்கு முன் மகசூலைக் கொடுத்துவிடும்.

இதற்குக் குஜராத்தின் கட்ச் பகுதி நல்ல எடுத்துக்காட்டு. அங்கும் தென்மேற்குப் பருவ மழை தொல்லை உண்டு. எனவே கட்ச் விவசாயிகள் மழை வலுக்குமுன் ஜூன், ஜூலை மாதங்களில் செங்காயாகவே குலையை அறுத்து விற்கிறார்கள். "கட்சி காரெக்" என்னும் அந்தப் பழத்துக்கு 2024ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அங்குள்ள முந்த்ராவில் பேரீச்சைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்தில் இதே முறையில் பேரீச்சைத் தோட்டங்கள் காய்ப்பில் உள்ளன.

எந்த ரகம்?

பெரும்பாலான ரகங்கள் கலால் பருவத்தில் துவர்க்கும். துவர்ப்பு நீங்கி அப்போதே இனிக்கும் ரகங்களில் முதன்மையானது பர்ஹி. ஈராக் நாட்டுப் பாஸ்ரா பகுதியைச் சேர்ந்த ரகம் இது. காய் உருண்டையாக, மஞ்சளாக இருக்கும். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் பெரிதும் காணப்படுவது இதுவே.

பெரிய பழத்துக்குப் பெயர் பெற்ற மெட்ஜூல் ரகத்தை நம்பி ஏமாறக் கூடாது. அது முற்றிப் பழுத்தால்தான் சுவை தரும். அதற்கு மழையில்லா நீண்ட கோடை வேண்டும். கன்று விற்பவர் காட்டும் படத்தில் உள்ள பழம் எந்தப் பருவத்தில் தின்னக் கூடியது என்று கேட்ட பிறகே ரகத்தை முடிவு செய்ய வேண்டும்.

கன்று வாங்கும் முறை

நம்பகமான கன்று இரண்டு வழியில் கிடைக்கும். ஒன்று, தாய் மரத்தின் அடியில் தோன்றும் பக்கக் கன்று. வாழைக்குப் பக்கக் கன்று போலவே, இது தாயின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும். மற்றொன்று, ஆய்வுக் கூடத்தில் உண்டாக்கும் திசு வளர்ப்புக் கன்று.

திசு வளர்ப்புக் கன்று வாங்கும்போது ரகத்தின் பெயரும் ஆணா பெண்ணா என்பதும் குறித்த ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். சிறு கன்றில் முதலில் வரும் இலைகள் பிளவில்லாமல் புல்லைப் போல் இருக்கும். பின்னர் வரும் இலைகளே தென்னை ஓலை போலப் பிரிந்து சிறகிலையாகும். நிழல் வலையில் பழக்கப்பட்டு, மூன்று நான்கு சிறகிலை விட்ட கன்றே நடவுக்கு ஏற்றது. மலிவாகக் கிடைக்கிறதென்று புல்லிலைப் பருவத்துக் கன்றை வாங்கி வயலில் நட்டால் பெரும்பாலும் காய்ந்து போகும்.

மேலும் ஒரு எச்சரிக்கை. திசு வளர்ப்பில் எப்போதாவது சில கன்றுகள் குணம் மாறிவிடுவது உண்டு. பர்ஹி ரகத்தில் இவ்வாறு மாறிய மரங்கள், மகரந்தம் சேர்த்தாலும் சரிவரக் காய் பிடிப்பதில்லை. ஆகவே அப்படிப்பட்ட மரத்துக்கு மாற்றுக் கன்று தர எழுத்தில் உறுதி தரும் விற்பனையாளரிடம் வாங்குவது நல்லது.

மண்ணும் நடவும்

பேரீச்சை உவரைத் தாங்கும் மரம். மற்றப் பழ மரங்கள் கருகிவிடும் உப்புத் தண்ணீரிலும் ஓரளவு தாக்குப் பிடிக்கும். திருச்சி சுற்று வட்டாரத்தில் மணிகண்டம் போன்ற இடங்களில் களர் நிலங்கள் உண்டு. இத்தகைய நிலத்துக்கென்றே நாவலூர் குட்டப்பட்டிலுள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி, ஆராய்ச்சி நிலையத்திலிருந்து "டிஆர்ஒய்" நெல் ரகங்கள் வெளிவந்தன. களர் நிலத்தில் பேரீச்சை நட விரும்புவோர் முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்து, சிபாரிசுப்படி ஜிப்சம் இட்டு, வடிகால் அமைத்த பிறகே நட வேண்டும். உவரைத் தாங்கும் என்பதற்காகச் சீர்திருத்தாத மண்ணில் நட்டால் கன்று மரமாகுமே தவிர மகசூல் குறையும்.

காவிரிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் நன்செய்யைப் பேரீச்சைக்கு மாற்ற வேண்டியதில்லை. மணப்பாறை, துறையூர், முசிறிப் பக்கம் உள்ள மேட்டுக் காடும், வீட்டு வாசலும், கிணற்று மேடுமே இதற்கு உரிய இடங்கள்.

வரிசைக்கு வரிசை 25 அடி, மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி விட வேண்டும். இப்படி நட்டால் ஏக்கருக்கு 69 கன்றுகள் பிடிக்கும். மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து இரண்டு வாரம் வெயிலில் ஆறப்போட வேண்டும். மேல் மண்ணுடன் மக்கிய தொழு உரம் 20 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 1 கிலோ கலந்து குழியை மூடித் தண்ணீர் விட்டு மண்ணை இறுக்கிய பிறகு கன்றை நட வேண்டும். வேப்பம் பிண்ணாக்கு கறையானை விலக்கும்.

நடவுக்கு மாசி மாதமோ ஆடி, ஆவணி மாதங்களோ உகந்தவை. கன்றின் குருத்துப் பகுதி மண்ணுக்கு மேல் இருக்க வேண்டும். குருத்தில் மண்ணோ தண்ணீரோ புகுந்தால் அழுகிவிடும். நட்ட உடன் தென்னை ஓலையால் நிழல் கொடுத்து, ஆடு மாடு கடிக்காமல் அடைப்புக் கட்டுவது அவசியம்.

நீரும் உரமும்

வறட்சியைத் தாங்கும் மரம் என்பதால் நீரே வேண்டாம் என்று எண்ணக் கூடாது. மரம் சாகாமல் இருப்பது வேறு, காய்ப்பது வேறு. முதல் ஆண்டில் சொட்டு நீர் மூலம் கன்றுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 லிட்டர் கொடுக்கலாம். காய்ப்புக்கு வந்த மரத்துக்குக் கோடையில் நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் தேவைப்படும். பூ வந்தது முதல் காய் நிறம் மாறும் வரை ஈரம் குறையக் கூடாது. மழைக் காலத்தில் அடியில் நீர் தேங்காமல் வடித்துவிட வேண்டும்.

தொழு உரத்தை முதல் ஆண்டில் 15 கிலோவில் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு கூட்டி, காய்க்கும் மரத்துக்கு 40 முதல் 50 கிலோ வரை மழைக்கு முன் இடலாம். இரசாயன உரத்தை மண் பரிசோதனைச் சிபாரிசுப்படி ஒரே தடவையாக இடாமல், பாளை வருமுன் ஒரு பங்கும் காய் பிடித்தபின் ஒரு பங்குமாகப் பிரித்து இட வேண்டும்.

முதல் நான்கு ஆண்டுகள் இடைவெளி நிலம் சும்மா கிடக்க வேண்டியதில்லை. உளுந்து, தட்டைப்பயறு, நிலக்கடலை சாகுபடி செய்யலாம். குடும்பச் செலவுக்கு வருமானமும், மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கும்.

மகரந்தம் சேர்த்தல்: இதில்தான் மகசூல்

பேரீச்சை சாகுபடியில் தவறவே கூடாத வேலை இது. பெண் பூவுக்கு மகரந்தத்தைக் காற்று கொண்டு சேர்க்கும் என்று விட்டுவிட்டால் காய் பிடிப்பு மிகக் குறையும். கையால் சேர்த்தே ஆக வேண்டும். மேற்காசிய நாடுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இப்படித்தான் செய்து வருகிறார்கள்.

தை முதல் பங்குனி வரை மட்டை இடுக்கிலிருந்து பாளை வெளிவரும். ஆண் பாளை குட்டையாக, அகன்று இருக்கும். உள்ளே வெண்மையான பூக்கள் நெருக்கமாக இருக்கும். தட்டினால் மாவு போல் தூள் உதிரும். பெண் பாளை நீண்டு இருக்கும். உள்ளே சரங்களில் மஞ்சள் மணிகளைப் போலப் பூக்கள் இடைவெளி விட்டு அமைந்திருக்கும்.

பெண் பாளை வெடித்த இரண்டு மூன்று நாட்களுக்குள் மகரந்தம் சேர்ப்பது சிறந்தது. அப்போதுதான் வெடித்த ஆண் பாளையிலிருந்து இரண்டு மூன்று சரங்களை வெட்டி, பெண் குலையின் நடுவில் தலைகீழாகச் செருகி, குலையைத் தளர்த்தியாகக் கட்டிவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணிக்கு மேல் செய்வது நல்லது. எல்லாப் பாளையும் ஒரே நாளில் வெடிப்பதில்லை. ஆகவே பூக்கும் பருவத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை மரத்தைப் பார்வையிட வேண்டும். மகரந்தம் சேர்த்த சில மணி நேரத்துக்குள் மழை பெய்தால் மறுபடியும் சேர்க்க வேண்டும்.

ஆண் பாளை முந்தி வந்துவிட்டால் கவலை இல்லை. பூக்களை நிழலில் காய வைத்து, தூளைச் சலித்து, ஈரம் புகாத கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். தேவைப்படும்போது ஒரு பங்கு தூளுடன் ஒன்பது பங்கு முகப்பவுடர் மாவு கலந்து, பஞ்சில் தொட்டுப் பூச்சரங்களில் தட்டலாம்.

ஒரு நல்ல ஆண் மரம் 40 முதல் 50 பெண் மரங்களுக்கு மகரந்தம் தரும். ஆகவே ஒவ்வொருவரும் ஆண் மரம் வளர்க்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் ஆண் மரத்தைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். ஈச்ச மரத்தின் மகரந்தமும் பேரீச்சைப் பூவில் சேரும். ஆனால் தூள் தரும் மரத்தைப் பொறுத்துப் பழத்தின் பருமனும் முற்றும் காலமும் சற்று மாறுவது உண்டு. இதனால் அவசரத்துக்கு மட்டும் ஈச்ச மரத்து மகரந்தத்தைப் பயன்படுத்தலாம்.

வாசலில் காய்க்காமல் நிற்கும் மரம்

நகரத்து வீடுகளிலும் கிராமத்துத் தோட்டங்களிலும் கொட்டை போட்டு வளர்ந்த பேரீச்சை மரங்கள் ஆங்காங்கே நிற்கின்றன. "பத்து வருஷமாச்சு, ஒரு பழம் இல்லை, முள்தான் மிச்சம்" என்று சொல்லி வெட்டிவிடுவோரும் உண்டு. கோடரியை எடுக்குமுன் அந்த மரத்தின் பாளையைப் பார்க்க வேண்டும்.

மகரந்தம் சேராத பெண் பூவில் ஓர் அடையாளம் உண்டு. ஒவ்வொரு பூவிலும் மூன்று சூலகங்கள் இருக்கும். மகரந்தம் சேர்ந்தால் அவற்றில் ஒன்று மட்டும் பருத்துக் கொட்டையுள்ள பழமாகும். மற்ற இரண்டும் உதிரும். மகரந்தம் சேரவில்லையானால் மூன்றும் ஒட்டிக்கொண்டு, கொட்டையில்லாமல், பட்டாணி அளவில் சூம்பி நிற்கும். இப்படி மும்மூன்றாய்ச் சூம்பிய காய்களைக் கண்டால் பெரும்பாலும் குறை மரத்தில் இல்லை. பூவில் தூள் சேரவில்லை என்றே கொள்ளலாம். அடுத்த தை மாதம் ஓர் ஆண் பாளைச் சரத்தைக் கொண்டுவந்து செருகினால் அந்த மரம் காய்க்கக்கூடும். ரகம் துவர்ப்பாக இருக்கலாம்; இனிப்பாகவும் இருக்கலாம். ஒரு பருவம் பார்த்த பின் முடிவு செய்வதில் நட்டம் இல்லை.

பாளையில் தூள் உதிர்ந்தால் அது ஆண் மரம். அதையும் வெட்ட வேண்டாம். அந்த ஒரு மரம் அந்த ஊர்ப் பெண் மரங்களுக்கெல்லாம் துணையாகும்.

குலைப் பராமரிப்பு

முதன்முதல் காய்க்கும் மரத்தில் வந்த பாளை அனைத்தையும் விடக் கூடாது. முதல் காய்ப்பில் இரண்டு மூன்று குலை, வளர்ந்த மரத்தில் எட்டு முதல் பத்துக் குலை என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு குலைக்கு எட்டு ஒன்பது பச்சை மட்டையாவது மரத்தில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஓராண்டு அளவுக்கு மீறிக் காய்த்தால் மறு ஆண்டு மரம் ஓய்ந்துவிடும். காய் பிடித்த பின் நெருக்கமான சரங்களின் நுனியைக் கத்தரித்துவிட்டால் எஞ்சிய காய் பருக்கும்.

காய் கனத்ததும் குலைக் காம்பு முறியாமல் அருகிலுள்ள மட்டையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். நிறம் மாறத் தொடங்கியதும் நைலான் வலைப் பையால் குலையை மூடினால் கிளி, அணில், வௌவால் தொல்லை குறையும்.

மட்டையின் அடியில் ஊசி போன்ற நீண்ட முட்கள் உண்டு. அவை கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பாளை வருமுன் முட்களைக் கத்தரித்துவிட்டுத்தான் மரத்தில் வேலை செய்ய வேண்டும். வாசலில் நட்ட மரத்தில், பிள்ளைகளின் கண் உயரத்தில் முள் நிற்க விடவே கூடாது.

வண்டுகள் ஜாக்கிரதை

தென்னையின் இரு பகைவர்களான காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் பேரீச்சைக்கும் பகைவர்களே. சிவப்புக் கூன்வண்டு தெற்காசியப் பகுதியிலிருந்து 1980களில் வளைகுடா நாடுகளுக்குப் பரவி அங்குள்ள பேரீச்சைத் தோப்புகளுக்குப் பெரும் நாசம் விளைவித்தது. தென்னந்தோப்புக்கு அருகில் பேரீச்சை நடுவோர் இதில் விழிப்பாக இருக்க வேண்டும்.

குருத்தின் அருகிலுள்ள மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் இட்டால் காண்டாமிருக வண்டு அண்டாது. எருக்குழியில் அதன் புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும். கூன்வண்டு, காயம் பட்ட இடத்தில் முட்டையிடும். ஆகவே மட்டை வெட்டிய இடத்திலும் பக்கக் கன்று பிரித்த இடத்திலும் போர்டோ பசையோ தாரோ தடவ வேண்டும். தண்டில் துளையும் பழுப்பு நிறச் சாறும் தென்பட்டால் தாமதியாமல் வேளாண்மை அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறியை ஊரார் சேர்ந்து வைத்தால் பலன் கூடும்.

மழைக் காலத்தில் இலைகளில் கரும்புள்ளிகள் கட்டிகளாகத் தோன்றுவது உண்டு. இது பூசண நோய். நோயுற்ற அடி மட்டைகளை வெட்டி எரித்துவிட்டு 1 சத போர்டோ கலவை தெளித்தால் கட்டுப்படும்.

அறுவடையும் விற்பனையும்

காய் முழுவதும் மஞ்சளாகி, கடித்தால் துவர்ப்பின்றி இனித்தால் குலையை அறுக்கலாம். செங்காய் சில நாட்களே நிற்கும். பிறகு இளகத் தொடங்கும். ஆகவே விற்பனைக்கு இடம் பார்த்த பின்பே அறுக்க வேண்டும். காயை உதிர்க்காமல் சரத்தோடு பெட்டியில் அடுக்கி அனுப்பினால் அடிபடாது. பார்வைக்கும் எடுப்பாக இருக்கும்.

விலை போகாமல் எஞ்சிய செங்காயை வீணாக்க வேண்டியதில்லை. கொதிக்கும் நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் இட்டு எடுத்து, சில நாள் நல்ல வெயிலில் உலர்த்தினால் பலசரக்குக் கடையில் கிடைக்கும் உலர் பேரீச்சங்காய் போல ஆகும்.

நன்கு பராமரித்த பெண் மரம் நான்காம் ஆண்டுவாக்கில் பூக்கும். ஐந்து, ஆறாம் ஆண்டில் 20 முதல் 30 கிலோவும், முழு வளர்ச்சி அடைந்தபின் 80 முதல் 100 கிலோவும் எதிர்பார்க்கலாம். மகரந்தம் சேர்ப்பதைத் தவறவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் நில்லாது.

சிறு விவசாயிக்கு ஏற்ற அளவு

ஒரு திசு வளர்ப்புக் கன்று 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 69 கன்றுக்கு மட்டும் 2,76,000 ரூபாய் ஆகும். குழி, சொட்டு நீர், வேலி தனி. ஐந்து ஆண்டு வரை பேரீச்சையிலிருந்து வருமானம் இல்லை. கடன் வாங்கி இதில் இறங்குவது சிறு விவசாயிக்குத் தகாது.

ஐந்து கன்றில் தொடங்குவதே அறிவுடைமை. நான்கு பெண், ஓர் ஆண். செலவு ஏறத்தாழ 20,000 ரூபாய். நாலைந்து பேர் கூடி ஓர் ஆண் மரத்தைப் பொதுவாக்கினால் செலவு இன்னும் குறையும். இந்த ஐந்து மரமும் வாசலிலோ கிணற்று மேட்டிலோ நிற்கலாம். தனி நிலம் தேவையில்லை. பாளை எப்போது வருகிறது, செங்காய் எந்த மாதம் முற்றுகிறது, ஆவணி மழை எட்டிப் பிடிக்கிறதா, சந்தையில் என்ன விலை போகிறது என்பதெல்லாம் சொந்த மரத்திலேயே தெரிந்துவிடும்.

அதற்குள் தாய் மரங்களின் அடியில் பக்கக் கன்றுகளும் தோன்றும். மூன்று நான்கு வயதாகி, சொந்த வேர் விட்டு, 10 கிலோவுக்கு மேல் எடை வந்த பக்கக் கன்றைக் கூரிய உளியால் தாயிடமிருந்து பிரித்து நடலாம். பர்ஹி ரகத்தில் இவை அதிகம் கிடைப்பதில்லை. எல்லாம் பிழைப்பதும் இல்லை. ஆனால் பிழைத்த ஒவ்வொன்றும் காசு கொடுக்காமல் கிடைத்த பெண் மரம். ஐந்து மரம் லாபம் தந்தால் தோப்பை விரிவாக்கலாம். தராவிட்டால் வாசலுக்கு அழகும் வீட்டுக்குப் பழமும் மிஞ்சும், கடன் மிஞ்சாது.

பேரீச்சை நட விரும்பும் திருச்சி வட்டார விவசாயிகள் மண், நீர் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரியையோ, சிறுகமணி வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தையோ அணுகலாம். வாசலில் ஏற்கெனவே பேரீச்சை நிற்கும் வீட்டார் வரும் தை மாதம் அதன் பாளை ஆணா பெண்ணா என்று பார்த்து, அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லி வைப்பது நல்லது.